மேட்ரன் வாங்கிக் கொடுத்தது

லுவங்கா மலைப் பெண்கள் பள்ளியில் மேட்ரன் நலுமன்ஸிக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்: ஒன்று தலைமையாசிரியை முசீமே, மற்றது சமையற்கட்டுப் பூனை. மீதமுள்ள அறுநூறு பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கும், விடுமுறை முடிந்து விடுதி திறக்கிற நாளில் பலாமரத்தடியில் மேசை போட்டு நிற்கும் அந்தப் பெண்மணியைக் கண்டால் நாக்கு உலர்ந்துவிடும்.

அவள் கையிலிருந்த ஆயுதம் ஒரு சைக்கிள் ஆரக்கம்பி. மசாக்காவில் சைக்கிள் பழுதுபார்க்கிற தம்பி செக்கிட்டோவிடம் வாங்கி, நுனியைத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். பிள்ளைகள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தில் மண்டியிட்டுக் காத்திருப்பார்கள். கம்பி சர்க்கரைப் பைக்குள் இறங்கும், சோப்புத்தூளுக்குள் இறங்கும், ரொட்டியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வரும். பள்ளிக்குள் போன் கூடாது என்பது சட்டம். ஒருமுறை ஒரு தாய் தன் கையாலேயே கேக் சுட்டு, நடுவில் போனைப் புதைத்து மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். கம்பி பாதியில் நின்றது. "கேக் நல்லாத்தான் வெந்திருக்கு. நடுவுல மட்டும் கொஞ்சம் வேகல," என்றாள் நலுமன்ஸி. மரத்தடியே சிரித்தது. அந்தத் தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடாத குறை; இங்கே சேலை இல்லாததால் கைப்பையால் மூடிக்கொண்டாள்.

பிடிபட்டதெல்லாம் ஒரு சாக்கில் சேரும். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில், கொடிமரத்தடிக் கல்லின்மேல் ஒவ்வொன்றாக வைத்து நலுமன்ஸி சுத்தியலால் உடைப்பாள். அறுநூறு பேரும் "ஒண்ணு! ரெண்டு!" என்று எண்ணுவார்கள். இந்த நாட்டுப் பள்ளிகளில் இது புதிதில்லை. சில இடங்களில் கொளுத்துகிறார்கள், சில இடங்களில் தண்ணீர் வாளியில் போடுகிறார்கள். லுவங்கா மலையில் சுத்தியல். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்க்காரி என்பதற்காக அதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் வெறும் வக்கிரமும் இல்லை அது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தரை துடைக்க இந்தப் பள்ளிக்கு வந்தவள் அவள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் போனில் யாரோ ஒருவனோடு பேசிப் பேசி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாதியில் வீட்டுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள். அவர்களுடைய மெத்தைகளைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். அவள் ஆங்கிலத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தப் பிள்ளைகள் விட்டுப்போன பாடப்புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குப் புருஷன், குழந்தை குட்டி கிடையாது. செக்கிட்டோவின் மகள், இதே பள்ளியில் படிக்கிற நோயெலின் இருந்தாள். எங்களிடம் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் தாய் ஒதுங்கிக்கொள்வாள். தகப்பனின் அக்கா தங்கைதான் வந்து சொல்லித்தர வேண்டும். எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது, நாளைக்குப் புருஷன் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று எல்லாம் அத்தையின் பொறுப்பு. போன டிசம்பரில் பதினாலு வயது நோயெலினுக்கு அந்த முறையைச் செய்ய நலுமன்ஸி ஒரு மூட்டை அறிவுரையோடு தம்பி வீட்டுக்குப் போனாள். முறையைச் செய்யப் புருஷன் வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

பிள்ளை நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். செக்கிட்டோ வீட்டுச் சுவரில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அதில் மேல்வரிசையை அண்ணாந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் ஒட்டியதை வாசிக்கக் கழுத்தைச் சாய்த்தாள். தலைகீழாக ஒட்டிய ஒரு தாளுக்கு என்ன செய்வாள் என்று நலுமன்ஸி வாசலிலேயே நின்று பார்த்தாள். பிள்ளை பாயில் மல்லாந்து படுத்து, தலையைச் சுவர்ப்பக்கம் வைத்து வாசித்தாள்.

"இது உங்க வீட்டுப் பொண்ணா, வௌவாலா?" என்று நாத்தனாரிடம் நொந்துகொண்டாள் செக்கிட்டோவின் மனைவி. "மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கற சீட்டைக்கூட விடறதில்ல அக்கா. சோறு வடிக்கச் சொன்னா அரிசிப் பையைப் படிச்சிட்டு நிக்கிறா."

"பள்ளிக்கூடத்துல லைப்ரரி இருக்கேடி?" என்றாள் நலுமன்ஸி.

நோயெலின் பாயிலிருந்து எழுந்து மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சனிக்கிழமை ஒரு மணி நேரம் அத்தை. வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. ஒரு கதையோட நடுவுல மணி அடிச்சா அடுத்த சனிக்கிழமைதான். அதுக்குள்ள வேற யாராவது அந்தப் புத்தகத்தைப் பிடிச்சிருவாங்க."

கொண்டுவந்த அறிவுரை மூட்டையை நலுமன்ஸி அவிழ்க்கவே இல்லை.

நூலக ஆசிரியைதான் சொன்னாள்: இ-ரீடர் என்று ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அகலம், ஆயிரம் புத்தகம் அடங்கும். பத்தொன்பது வருடம் திரை வைத்த சாமானையெல்லாம் அடித்து நொறுக்கியவள் இப்போது ஒன்றை விலைகொடுத்து வாங்கப் போகிறாள். நூலக ஆசிரியை சிரிப்பை அடக்க இருமிக்கொண்டாள். நலுமன்ஸி பதில் பேசாமல், ஒரு வருடமாகச் சேர்த்ததை சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஏப்ரல் விடுமுறையில் தலைநகர் கம்பாலாவுக்குப் பங்கு டாக்ஸி ஏறினாள்.

டாக்ஸி நிலையத்துக்குப் பக்கத்து வணிக வளாகத்தில், நான்காம் மாடியில், ஒரு ஆள் திரும்ப இடமில்லாத கடை. கடைக்காரன் லுட்டாயா வாயாடி.

"வாங்கம்மா, வாங்க! போனா, டேப்லெட்டா?"

"புத்தகம் படிக்கிற கருவி. பொண்ணுக்கு."

"அப்ப டேப்லெட்டுதான்! இதைப் பாருங்க. புத்தகம் படிக்கலாம், படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், லண்டன்ல இருக்கறவன்கூட முகம் பாத்துப் பேசலாம்."

"எவன் பேசுவான்?"

"எவன் வேணா பேசலாம்மா."

"அதுக்குத்தான் வேணாம்ங்கறேன். உள்ள வை."

அடுத்து வழவழவென்று ஒரு ரீடர் வந்தது. கண்ணுக்கு இதமான வெளிச்சம், தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. காதில் மாட்டிக்கொண்டால் புத்தகத்தை அதுவே வாசித்துச் சொல்லும் என்றான் லுட்டாயா.

"பிள்ளைக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. காதுல மாட்டறது எதுவும் வேணாம்."

மூன்றாவதில் இணையம் இருந்தது. "சும்மா ஒரு ஓரமா இருக்கும்மா. ரொம்ப மெதுவா வரும். அதை வச்சு யாரும் ஒரு தப்பும் பண்ண முடியாது."

"மெதுவா வர்றதும் ஒருநாள் வந்து சேரும். எங்கிட்ட சொல்லாதே, நான் மேட்ரன்."

லுட்டாயாவுக்கு அப்போதுதான் ஆள் யாரென்று விளங்கியது. அவனும் ஒரு காலத்தில் விடுதியில் வளர்ந்தவன். தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றான். பலகைக்கு அடியில் குனிந்து தேடி, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து வைத்தான்.

"இது ரொம்பப் பழசும்மா. இதைக் கேட்டு யாரும் வர்றதில்ல. ஒயர் மாட்டித்தான் புத்தகம் ஏத்தணும். பட்டனை அமுக்கினா பக்கம் திரும்பும். வேற ஒண்ணுமே செய்யாது."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

அவள் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். குலுக்கினாள். முகர்ந்தாள்.

"கேமரா?" "இல்ல." "பாட்டு?" "இல்ல." "பசங்க?"

"அம்மா, இதுக்குள்ள பசங்க வர்றதுக்கு வாசலே கிடையாது!"

தாழ்வாரத்துக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தாள். போன் திரைகள் வெயிலில் செத்துவிடும். இதில் எழுத்து இன்னும் தெளிந்தது. ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் தாங்கும் என்றான் லுட்டாயா. செக்கிட்டோ வீட்டில் மின்சாரம் மாப்பிள்ளை மாதிரி, வந்தால் உண்டு. அதனால் அது அவளுக்குப் பிடித்தது. நாலு மூலையையும் நகத்தால் தட்டிப் பார்த்தாள். மற்றதெல்லாம் என்னென்னவோ செய்கிறேன் என்று குதித்தது. இது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தன்னை மாதிரியே ஒன்று கிடைத்ததாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

முந்நூறு புத்தகம் ஏற்றித் தருவதாக லுட்டாயா சொன்னான். விட்டாளா? முக்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, முந்நூறின் தலைப்பையும் விரல் வைத்து வாசித்தாள். தலைப்பில் காதல் என்று இருந்த பதினேழைத் தூக்க வைத்தாள். தலைப்பில் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தவற்றை அவள் எங்கே கண்டுபிடிக்கப் போகிறாள்? லுட்டாயா பொழுது போனதே என்று முட்டைச் சப்பாத்தி வாங்கிவந்து அவளுக்கும் பாதி கொடுத்தான்.

நோயெலின் அதை மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். அட்டையைத் திறந்தாள். பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். நன்றிகூடச் சொல்லவில்லையே என்று தாய் அதட்டப் போனாள். நலுமன்ஸி கையைக் காட்டித் தடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஒண்ணே ஒண்ணு, நோயெலின். இது வீட்டுல இருக்கணும். பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது. நான் அங்க மேட்ரன், ஞாபகம் வச்சுக்க."

"சரி அத்தை," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

அந்த விடுமுறை முழுக்க, நலுமன்ஸி மட்டோக்கே வாழைக்காய் உரிக்கும்போதும் கடலை வறுக்கும்போதும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, எங்கள் மொழியில் ஒரு வரி. கடலை இரண்டு தடவை கருகியது. நலுமன்ஸி யாரையும் திட்டவில்லை.

மே மாதம் பள்ளி திறந்த நாள். பலாமரத்தடியில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய அம்மாள் மேசைக்கு முன்னால் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். மகளின் போன் அப்போதுதான் சோப்புத்தூளிலிருந்து வெளிவந்திருந்தது. "என் பொண்ணோட பெட்டியை மட்டும் இப்படிக் குடையறீங்களே, உங்க தம்பி பொண்ணு பெட்டியையும் குடைவீங்களா?" என்றாள் அவள்.

"நின்னு பாருங்க," என்றாள் நலுமன்ஸி. அவளுக்கு அது சவாலே இல்லை. நோயெலினின் பெட்டியை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. தன் ரத்தம் என்பதால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சோதிப்பாள். இரண்டு மேசை தள்ளிச் சோதித்துக்கொண்டிருந்த ஆசிரியைகளுக்குக்கூட அது தெரியும்.

நோயெலினின் முறை வந்தது. பெட்டியில் ஒன்றுமில்லை. சர்க்கரையில் ஒன்றுமில்லை. மெத்தையை விரித்து ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு சாண் நீளத்துக்குத் தையல் மாறியது. ஒன்றுவிட்டு ஒன்று பின்னிக் கோத்த, வெளியே முடிச்சுத் தெரியாத தையல். அதை அந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். சென்ற விடுமுறையில், கடலைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளேதான். கம்பியை மெதுவாக இறக்கினாள். பஞ்சுக்குள் தட்டையாக ஏதோ தடுத்தது.

மண்டியிட்டிருந்த நோயெலின் நிமிர்ந்து பார்த்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அத்தை என்றுதான் சொல்லியிருப்பாள்.

கம்பியை உருவிக்கொண்டு 'அடுத்தது' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. துணிக்கடை அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்தான். ஆனால் பஞ்சுக்குள் பார்க்க அவளுக்கு என்ன கண்ணா இருக்கிறது? நலுமன்ஸி கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தாள்.

"பாத்தீங்களா!" என்றாள் துணிக்கடை அம்மாள். "வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். கல்லு மேல யாரோடதெல்லாம் ஏறுது, யாரோடது ஏறலன்னு பாக்கறேன்."

தலைமையாசிரியை முசீமே அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனை அமுக்கி இரண்டு பக்கம் வாசித்தும்விட்டார்.

"இது போன் இல்லையே, நலுமன்ஸி."

"திரை இருக்கு மேடம். சார்ஜ் போடணும். சட்டத்துல மின்கருவின்னு போட்டிருக்கு."

"சட்டத்தை எழுதினவ நான். இப்படி ஒண்ணு வரும்னு அப்ப எனக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போய் உங்க அறையில பூட்டி வைங்க. விடுமுறைக்குப் போறப்ப பிள்ளைகிட்டக் கொடுங்க. ஒளிச்சு வச்சதுக்கு ஒரு மாசம் பாத்திரம் கழுவட்டும். போதும்."

"பிள்ளைங்க பேசுவாங்க மேடம்."

"பேசட்டுமே. உங்க இஷ்டம்." அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் பேசத்தான் செய்தார்கள். மறுநாளே குளியலறைத் தகரத்துக்கு அந்தப்பக்கம் நலுமன்ஸி தன் காதால் கேட்டாள். "அத்தை வீட்டுச் சாமான்னா சுத்தியல் வழுக்கிரும்டி," என்றாள் ஒருத்தி. "வழுக்கறது என்ன, சுத்தியலே தொலைஞ்சு போயிரும்," என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. பத்தொன்பது வருடத்தில் அவளை வைதிருக்கிறார்கள், சபித்திருக்கிறார்கள், அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

புதன்கிழமை துணி காயப்போடும் கொடியருகே நோயெலின் வந்தாள். ஈரத் தரையிலேயே மண்டியிட்டாள்.

"உடைச்சிருவீங்களா அத்தை?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"மேடம் வேணாம்னு சொன்னாங்களாமே."

"அது மேடத்தோட பெருந்தன்மை. உனக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. விட்டுட்டு வர முடியல." அவள் கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டாள். "என்னை அடிங்க அத்தை. வருஷம் முழுக்கக் கக்கூஸ் கழுவறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். அதை உடைக்காதீங்க. தப்பு பண்ணது நான்தானே, அது என்ன பண்ணுச்சு?"

"எல்லாப் பிள்ளையும் இதையேதான்டி சொல்லுது," என்றாள் நலுமன்ஸி. சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் போனில் ஒன்றைக்கூட அவள் நாலு மாடி ஏறித் தேர்ந்தெடுத்ததில்லை.

இரண்டு நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பூட்டு மட்டும் போட்டுவிட்டால் போதும், அறுநூறு பிள்ளைகளின் சிரிப்பு ஒரு மாதத்தில் அடங்கிவிடும். இது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவளிடம் வீடில்லை, நிலமில்லை, படிப்பில்லை. மேட்ரனிடம் ஓரவஞ்சனை கிடையாது என்ற அந்த ஒரு பெயர்தான் இருந்தது. அதைக் கையில் பிடித்திருப்பவர்கள் விரலைத் தளர்த்துவது லேசில்லை.

வெள்ளிக்கிழமை சாக்கில் பதினாலு சாமான் இருந்தது. துணிக்கடை அம்மாள் வரவில்லை. அவளுக்குக் கடை இருந்தது. பிள்ளைகள் எண்ண, பதிமூன்று போன் நொறுங்கியது. பதினாலாவதாகச் சாம்பல் நிறக் கருவி கல்லின்மேல் ஏறியது. தாழ்வாரத்தில் நின்ற முசீமே கையை லேசாகத் தூக்கினார், பிறகு இறக்கிக்கொண்டார்.

யாரும் எண்ணவில்லை. குளியலறையில் சிரித்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் சுத்தியலைக் கீழே வைத்திருக்கலாம். வைத்திருந்தால் ஒருத்தியாவது முணுமுணுத்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம். நலுமன்ஸி அடித்தாள்.

போன் என்றால் ஒரே அடியில் இருண்டுவிடும். இது இருளவில்லை. உள்ளே 'மடக்' என்று முறிந்தது, அவ்வளவுதான். கீழ்ப்பாதி கோடு கோடாகச் சிதைந்தது. மேல்பாதியில் எழுத்து அப்படியே நின்றது, அச்சடித்த தாள் மாதிரி. இரண்டாவது அடிக்கு அவளால் கையைத் தூக்க முடியவில்லை. சாக்கில் போட்டுக் கட்டினாள்.

சாயங்காலம் வகுப்பு விட்டதும் நோயெலின் அவள் அறைக்கு வந்தாள். முறைப்படி மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். நலுமன்ஸிக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பிள்ளை கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு தடவை பாத்துட்டுத் தரேன் அத்தை."

சன்னலோரம் நின்று, முறிந்த இடம்வரை வாசித்தாள். பட்டனை அமுக்கினாள். பக்கம் திரும்பவில்லை. இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"டிசம்பர்ல வேற வாங்கித் தரேன்," என்றாள் நலுமன்ஸி. "இதைவிட நல்லதா. வெளிச்சம் வர்றதா பாத்து."

"வேணாம் அத்தை," என்றாள் பிள்ளை, கோபமே இல்லாமல். "அதையும் நீங்கதானே தேடுவீங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நலுமன்ஸி வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டி, அந்த மேல்பாதியில் விரலை வைத்தாள். விடுமுறையில் பாதிவரை கேட்ட கதையேதான் அது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். தெரியாத சொல்லைத் தாண்டினாள், திரும்பி வந்தாள். ராத்திரிப் போஷோக் களிக்கு மணி அடித்தது, போகவில்லை. கடைசி வரி பாதியில் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்பதற்கு இந்தப் பள்ளியில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளிடம் போய்க் கேட்க நலுமன்ஸிக்குத் தைரியம் வரவில்லை.